பூகம்பத்துக்குப் பின் வந்த வதந்திகள்

கல்லூரியில் உளவியல் நடத்தும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் ஒரு பாடத்திட்டத்தின் நகலைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். சமூக உளவியலை ஆசியக் கலாசாரங்கள், இலக்கியங்கள், தத்துவங்கள் வழியாகக் கற்பிப்பது அதன் நோக்கம். வங்கிக் குமாஸ்தாவிடம் இதற்கு என்ன வேலை என்று கேட்டேன். "இலக்கியப் பகுதிக்கு நாலு பேர் சொல்லு, போதும்" என்றார்.

நான்கு பேர் சொல்வது சுலபம். ஆனால் நகலைப் படிக்கப் படிக்க இடறியது. பன்னிரண்டு வாரங்கள். முதல் ஒன்பதில் ஆஷ், மில்கிராம், ஃபெஸ்டிங்கர் என்று வழக்கமான வரிசை. கடைசி மூன்று வாரங்களில் கீதை, கன்ஃபூஷியஸ், ஜென், ஜப்பானியரின் 'அமாயே', பிலிப்பினோக்களின் 'காப்வா'. அதாவது ஒன்பது வாரம் மனிதனைப் பற்றி, மூன்று வாரம் ஆசியனைப் பற்றி. ஒரு வீட்டைக் கட்டி முடித்துவிட்டு வாசலில் கோலம் போடுகிற மாதிரி. கோலம் அழகாகத்தான் இருக்கும். வீட்டின் சுவர் எதுவும் அதனால் நகராது.

தாக்கியோ தோய்யும் விர்ஜிலியோ என்ரிக்கெஸும் கோலம் போட்டவர்கள் அல்ல. தோய் 1950இல் அமெரிக்காவுக்குப் போன புதிதில் ஒரு வீட்டில் "பசிக்கிறதா, ஐஸ்கிரீம் இருக்கிறது" என்று கேட்டார்கள். பசி இருந்தும், இரண்டாந்தரம் கேட்பார்கள் என்று நம்பி, இல்லை என்று சொல்லிவிட்டார். அவர்கள் கேட்கவில்லை. நம் வீடுகளில் வளர்ந்த எவனுக்கும் இந்த ஏமாற்றத்தை விளக்க வேண்டியதில்லை. இன்னொருவர் அன்பின்மேல் உரிமையோடு சாய்ந்துகொள்வதை 'அமாயே' என்ற ஒற்றைச் சொல்லில் ஜப்பானிய மொழி வைத்திருக்கிறது. அந்தச் சொல் ஆங்கிலத்தில் இல்லாததை ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கலாக அவர் விட்டுவிடவில்லை. கோட்பாட்டின் குறையாகவே எடுத்துக்கொண்டார். அதற்குச் சான்று தேடி ஸோஸெகியின் நாவல்களுக்குள் போனார். என்ரிக்கெஸ் 1971இல் அமெரிக்காவில் டாக்டர் பட்டம் பெற்று மணிலாவுக்குத் திரும்பி, பிலிப்பினோ மொழியில் பாடம் நடத்தினார். மொழி மாறியதும் கேள்விகளும் மாறின என்பதுதான் அங்கே முக்கியம். இவர்களைப் பதினோராவது வாரத்தில் அரைமணி நேரம் அறிமுகப்படுத்துவது அவர்களுக்குச் செய்கிற மரியாதை ஆகாது. இவர்கள் முதல் ஒன்பது வாரங்களோடு சண்டை போட்டவர்கள்.

என்னை நிறுத்தியது நான்காவது வாரம். ஃபெஸ்டிங்கரின் 'காக்னிடிவ் டிஸ்ஸனன்ஸ்'. அறிதல் முரண் என்று வைத்துக்கொள்வோம். மனத்தில் ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டு அறிதல்கள் ஒருங்கே இருந்தால் அது மனிதனுக்குத் தாங்காது. ஏதாவது ஒன்றை மாற்றியோ புதிதாக ஒன்றைச் சேர்த்தோ முரணைக் குறைத்துக்கொள்வான். இருபதாம் நூற்றாண்டின் சமூக உளவியலில் இந்த அளவுக்குப் பரிசோதனைகளைக் கிளப்பிவிட்ட கருத்துகள் குறைவு. நகலில் இதற்கு உதாரணமாக, 1954 டிசம்பரில் உலகம் அழியும் என்று காத்திருந்த அமெரிக்கப் பறக்கும் தட்டுக் கூட்டம் கொடுக்கப்பட்டிருந்தது. வழக்கமான உதாரணம். ஆனால் இந்தக் கோட்பாடு முளைத்த இடம் அதுவல்ல. முளைத்த இடம் பீஹார். இதை ஃபெஸ்டிங்கரே தன் 1957ஆம் ஆண்டுப் புத்தகத்தின் முகவுரையில் சொல்லியிருக்கிறார். அப்படியிருந்தும் இந்தியாவில் நடக்கப்போகும் ஒரு வகுப்பில், ஆசியாவைப் பற்றியே போடப்பட்ட பாடத்திட்டத்தில், அது இல்லை.

1934 ஜனவரி 15ஆம் தேதி பிற்பகல் இரண்டு மணி சுமாருக்கு வடபீஹாரையும் நேபாளத்தையும் உலுக்கியது பூகம்பம். முங்கேர், முஸஃபர்பூர் போன்ற ஊர்கள் இடிபாடுகளாயின. காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் கோயில்களும் அரண்மனைகளும் சரிந்தன. இரண்டு பக்கமும் சேர்த்து 10,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வயல்கள் பிளந்து தண்ணீரும் மணலும் பீறிட்டு வந்தன. கிணறுகள் மணலால் தூர்ந்தன. பாட்னாவில் உளவியலாளராக இருந்த ஜமுனா பிரசாத் அந்த நாட்களில் ஒரு காரியம் செய்தார். ஊரில் உலவிய வதந்திகளை எழுதிவைத்துக்கொண்டார். நிவாரணத்துக்கு அரிசி சேகரித்தவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். வதந்தி சேகரிக்கலாம் என்று தோன்றியது இந்த ஒருவருக்குத்தான் போலிருக்கிறது. 1935இல் அவருடைய கட்டுரை பிரிட்டிஷ் உளவியல் பத்திரிகையில் வெளிவந்தது.

அவர் குறித்துவைத்தவற்றில் சில: பூகம்பத்தின்போது கங்கையில் தண்ணீர் மறைந்துபோய்க் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மணலில் புதைந்தார்கள். 18, 19 தேதிகளில் பாட்னாவைப் பெரும்புயல் தாக்கும். நேபாள எல்லையிலிருந்து மதுபனியை நோக்கி வெள்ளம் வந்துகொண்டிருக்கிறது. ஜனவரி 23 நாசநாள். சந்திர கிரகணத்தன்று இன்னொரு பூகம்பம் வரும். பிப்ரவரி 26இல் பிரளயம்.

பின்னால், ஐம்பதுகளின் தொடக்கத்தில், மின்னெஸோட்டாவில் தகவல் பரவல் பற்றிய ஆராய்ச்சிகளையெல்லாம் தொகுத்துப் பார்க்கும் வேலையில் இருந்த லியோன் ஃபெஸ்டிங்கர் கையில் இந்தக் கட்டுரை சிக்குகிறது. அவருக்கு ஒரு விஷயம் புரியவில்லை. ஏற்கெனவே பயந்துபோயிருக்கும் ஜனங்கள் மேலும் பயமுறுத்தும் கதைகளை ஏன் உண்டாக்கிப் பரப்பவேண்டும்? ஆறுதலான கதைகளையல்லவா நாட வேண்டும்? அவர் கண்ட விடை பிரசித்தமானது. இந்த வதந்திகள் அதிர்ச்சியை உணர்ந்து சேதத்தைக் கண்ணால் பார்க்காதவர்களிடையே பரவியவை. உடம்பில் பயம் இருக்கிறது. சுற்றிலும் பயப்பட ஒன்றும் இல்லை. இந்த இரண்டும் பொருந்தவில்லை. அதனால் பயத்துக்கு ஏற்ற ஆபத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். வதந்தி அவர்களுடைய பயத்தைக் கிளப்பவில்லை, நியாயப்படுத்தியது.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு இந்தியக் கட்டுரையே கிடைத்தது. துர்கானந்த் சின்ஹா 1952இல் அதே பத்திரிகையில் எழுதியது. 1950இல் டார்ஜிலிங்கில் மலைச்சரிவுகள் ஏற்பட்டபோது ஜனங்கள் பேசிக்கொண்டவற்றைப் பற்றியது. அங்கே இருந்தவர்கள் அழிவை நேரிலேயே பார்த்தவர்கள். அவர்களிடையே வரப்போகும் பேரழிவு பற்றிய கதைகள் கிளம்பவில்லை. பயத்துக்குக் காரணம் கண்முன் கிடக்கிறது, புதிதாக உண்டாக்க வேண்டியதில்லை என்றார் ஃபெஸ்டிங்கர். ஆக, கோட்பாட்டின் இரண்டு கால்களும் இங்கே ஊன்றியவை.

இதை வைத்து, பருத்தியை ஏற்றுமதி செய்து துணியை விலைக்கு வாங்கின பழைய கதையைச் சொல்லிவிடலாம். மேடையில் கைதட்டலும் கிடைக்கும். நான் சொல்ல வருவது அதுவல்ல. பிரசாத் வெறும் சரக்குச் சேகரித்தவர் அல்ல. அவரிடமே ஒரு கொள்கை இருந்தது. வதந்தி பிறக்கிற சூழ்நிலை எப்படிப்பட்டது என்று கேட்டு அவரே பதில் சொல்லியிருக்கிறார்: அது உணர்ச்சியைக் கலக்க வேண்டும், அபூர்வமாகவும் பழக்கமற்றதாகவும் இருக்க வேண்டும், அதில் ஜனங்களுக்குத் தெரியாத அம்சங்கள் பல இருக்க வேண்டும், சரிபார்க்க முடியாத விஷயங்கள் இருக்க வேண்டும், கடைசியாக, அது ஒரு கூட்டத்துக்கே அக்கறையான விஷயமாக இருக்க வேண்டும். இந்தக் கடைசி அம்சம்தான் கப்பலேறும்போது விழுந்துவிட்டது. பிரசாத்துக்கு வதந்தி ஒரு கூட்டம் தனக்குத் தெரிந்த படிமங்களை வைத்துக்கொண்டு தெரியாத ஒன்றைப் புரிந்துகொள்ளும் முயற்சி. ஃபெஸ்டிங்கருக்கு அது ஒரு மண்டைக்குள் நடக்கும் கணக்கு நேர்செய்தல். கணக்கு நேர்செய்வது எனக்குத் தெரிந்த தொழில் என்பதால் அதன் அழகை மறுக்க மாட்டேன். ஆனால் பற்று வரவு நேராகிவிட்டால் கணக்கில் என்ன எழுதியிருக்கிறது என்பது முக்கியமில்லாமல் போகிறது. புயல், வெள்ளம், பிரளயம் எல்லாம் 'பயப்படத்தக்கவை' என்ற ஒரே தலைப்பில் சேர்ந்துவிடுகின்றன.

கங்கை வதந்தியை மட்டும் எடுத்துக்கொள்வோம். பூகம்பம் வந்த அன்று அமாவாசை. நமக்குத் தை அமாவாசை. அவர்களுக்கு மௌனி அமாவாசை, கங்கையில் முழுகுகிற நாள். மகர ராசியில் கிரகங்கள் கூடுவதைப் பற்றி ஜோதிடர்கள் வேறு பேசிக்கொண்டிருந்தார்கள். வயல்களில் மணல் பீறிட்டது மெய்யான சங்கதி. குளிக்கிற கூட்டம் மெய். மணல் மெய். நதி மறைந்தது மட்டுமே பொய். பாவத்தைக் கரைக்கப் போனவர்களை நதி கைவிட்டது, நீர் இருந்த இடத்தில் மண் இருந்தது என்று ஒரு பெயரற்ற மனம் கோர்த்திருக்கிறது. கவிதை வாசிக்கத் தெரிந்தவன் இதை மிகைப்படுத்தல் என்று ஒதுக்க மாட்டான். கிரகணத்தன்று மறுபடி என்பதும் அப்படியே. அமாவாசையில் ஒன்று வந்தது, அடுத்த பௌர்ணமியில் சந்திர கிரகணம் இருந்தது. பஞ்சாங்கத்துக்குள் வாழ்கிறவனுக்கு அடுத்த அடி எங்கே விழும் என்பதில் சந்தேகம் வராது. இலக்கியப் பகுதிக்கு நாலு பேர் கேட்ட நண்பருக்கு நான் சொல்ல விரும்பியது இது. இலக்கியம் கடைசி மூன்று வாரத்தில் இல்லை. நான்காவது வாரத்தில், பிரசாத்தின் பட்டியலில், கேட்பாரற்றுக் கிடக்கிறது.

இன்னொன்றும் உண்டு. சேதத்தைப் பார்க்காதவர்கள் என்று ஃபெஸ்டிங்கர் வெட்டின கோடு காகிதத்தில் நேராக இருக்கிறது. பாட்னாவிலும் கட்டடங்கள் சேதமடைந்தன. கோட்பாடுகளுக்குத் தேவைப்படும் சுத்தமான ஊர்கள் பூமியில் இருப்பதில்லை.

நாசநாளாகச் சொல்லப்பட்ட 23ஆம் தேதி கடந்து போயிற்று. மறுநாள், 24ஆம் தேதி, ஹரிஜன யாத்திரையில் தமிழ்நாட்டில் சுற்றிக்கொண்டிருந்த காந்தி திருநெல்வேலிப் பொதுக்கூட்டத்தில் பீஹாரைப் பற்றிப் பேசினார். தீண்டாமை என்ற பாவத்துக்காகக் கடவுள் அனுப்பிய தண்டனை அது என்றார். தாகூருக்கு இது பொறுக்கவில்லை. பௌதிக நிகழ்ச்சியை ஒழுக்கத்தோடு முடிச்சுப்போடுவது பகுத்தறிவுக்கு விரோதம் என்று மறுப்பு எழுதினார். அதில் ஒரு கூர்மையான இடம் இருக்கிறது: இதே தர்க்கத்தைச் சனாதனிகள் எடுத்துக்கொண்டு காந்தியின் இயக்கம்தான் தெய்வகோபத்துக்குக் காரணம் என்று சொன்னாலும் ஆச்சரியமில்லை என்கிறார். காந்தி அந்த மறுப்பைத் தன் 'ஹரிஜன்' பத்திரிகையிலேயே பிப்ரவரி 16இல் போட்டு, பதிலும் எழுதினார். நிரூபிக்க முடியாது என்பதை ஒப்புக்கொண்டார். நம்பிக்கை பிழையாகவே போனாலும் அது தனக்கும் தன்னோடு நம்புகிறவர்களுக்கும் நன்மையே செய்திருக்கும் என்றார்.

இந்த வாக்குவாதத்தை வழக்கமாக விஞ்ஞானத்துக்கும் மூடநம்பிக்கைக்கும் நடந்த சண்டையாகப் படித்துவிட்டு தாகூர் பக்கம் மதிப்பெண் போட்டுவிடுகிறோம். நானும் தாகூர் பக்கம்தான். வீடிழந்து நிற்கிறவனிடம் போய் இது நம் பாவத்தின் கூலி என்று சொல்வதில் உள்ள குரூரம் காந்தியின் வாயிலிருந்து வந்தாலும் குரூரம்தான். ஆனால் சமூக உளவியல் வகுப்பில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. பாட்னாவின் வதந்தி பயத்துக்கு ஏற்ற உலகத்தை உண்டாக்கி முரணைக் குறைத்தது. காந்தி செய்தது நேர் எதிர். திருநெல்வேலியில் பூமி அதிரவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குப் பயமும் இல்லை, சேதமும் இல்லை. நிம்மதியாக இருந்தவர்களின் மனத்தில் ஒரு முரணைக் கொண்டுபோய் வைத்தார்: உன் தெருவில் ஒருவனை நடக்கவிடாமல் நீ வைத்திருப்பதற்கும் ஆயிரத்துச் சொச்சம் மைலுக்கு அப்பால் இடிந்த வீட்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று. முரணைக் குறைத்துக்கொள்ளும் மனிதனைப் பற்றி ஃபெஸ்டிங்கரின் வாரம் நிறையச் சொல்கிறது. பிறர் மனத்தில் முரணை வேண்டுமென்றே நட்டுவிட்டுப் போகிற மனிதனையும், அதை ஒரு கூட்டம் ஏன் பொறுத்துக்கொள்கிறது என்பதையும் பற்றி அதில் அதிகம் இல்லை. 1934இன் நான்கைந்து வாரங்களில் ஒரு பருவத்துக்கான பாடம் இருக்கிறது.

தத்துவம் என்ற பெயரில் நகலில் கீதை வந்திருந்தது. கடமை, பற்றின்மை, மன அழுத்த நிவாரணம். இந்தக் கீதையை நிர்வாகவியல்காரர்களுக்கே விட்டுவிடலாம். வதந்தியைப் பற்றி நம் தத்துவக்காரர்கள் நேரடியாகவே யோசித்திருக்கிறார்கள். பிரமாணங்களின் வரிசையில் 'ஐதிஹ்யம்' என்று ஒன்று உண்டு. 'இப்படிச் சொல்கிறார்கள்' என்று வழிவழியாக வருவது. சொன்னவன் யார் என்று தெரியாதது. இந்த மரத்தில் யட்சன் இருக்கிறான் என்பது வழக்கமான உதாரணம். மணிமேகலையில் சமயக்கணக்கர்களின் திறம் கேட்கும் காதையில் வைதிகவாதி அடுக்குகிற அளவைகளில் இது 'ஐதிகம்' என்று வருகிறது. அங்கும் ஒரு மரம், அதில் ஒரு தெய்வம், உலகோர் சொல். பௌராணிகர்கள் இதைத் தனிப் பிரமாணமாக ஏற்றார்கள். நியாய சூத்திரம் இதைத் தனியாக வைக்க மறுத்து சப்தத்தில், அதாவது பிறர் சொல்லில், அடக்கியது. அப்படி அடக்கியதும் ஒரு கேள்வி தானாக எழுகிறது: சொன்னவன் யார்? ஆப்தன் யார்? விஷயத்தை நேராக அறிந்தவன், அறிந்தபடி சொல்ல விரும்புகிறவன் என்று வாத்ஸ்யாயனர் பாஷ்யத்தில் இலக்கணம் சொல்லி, இது ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் பொது என்று சேர்க்கிறார். அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

எல்லாம் நம் சாஸ்திரத்தில் முன்னமே இருக்கிறது என்று சொல்லும் ஜாதி நான் இல்லை. நையாயிகர்கள் ஒரு வதந்தியையும் தெருவில் இறங்கிச் சேகரிக்கவில்லை. அதைச் செய்தவர் பிரசாத். ஆனால் அவர்களுடைய கேள்வி ஃபெஸ்டிங்கரின் கேள்வியல்ல. கேட்டவன் ஏன் நம்பினான் என்று அமெரிக்கப் பாடம் ஆரம்பிக்கிறது. யார் சொன்னால் நம்பலாம் என்று இவர்கள் ஆரம்பிக்கிறார்கள். ஐதிகம் என்ற அந்தச் சொல்லே தமிழில் ஐதீகமாகி, கேள்வி கேட்கக்கூடாத வழக்கம் என்ற பொருளில் வீடுகளில் புழங்குகிறது. அளவையாக நிறுத்தி விசாரிக்கப்பட்ட ஒன்று விசாரணைக்கு அப்பாற்பட்டதாக மாறியது ஒரு சமூகத்தின் மனவரலாறு. இதை எழுத ஆள் வேண்டும்.

இவ்வளவையும் நண்பரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "நீ சொல்றதெல்லாம் சரி. இதுல அஞ்சு மார்க் கேள்வி எப்படிக் கேக்கறது?" என்றார். பதில் தெரியவில்லை. நான்காவது வாரத்தை மாத்திரம் பிரித்துப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அவரிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவிகிதம் அந்த நோட்டுகள். நான் அப்போது வேலையில் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. வங்கி திறந்ததிலிருந்து கவுண்ட்டரில் உட்கார்ந்திருந்தேன். வரிசை தெருமுனை திரும்பி நின்றது. அந்த வரிசையில்தான் புது 2000 ரூபாய் நோட்டுக்குள் சிப் வைத்திருக்கிறார்கள், 120 மீட்டர் ஆழத்தில் புதைத்தாலும் சாட்டிலைட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற கதை வந்தது. ரிஸர்வ் வங்கி வெளியிட்ட அம்சங்களின் பட்டியலில் அப்படி ஒன்றும் கிடையாது. ஃபெஸ்டிங்கர் இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். காலையிலிருந்து வெயிலில் நிற்கிறோம். நிற்பதற்குத் தகுந்த பெரிய காரணம் கண்ணில் படவில்லை. ஆகவே பூமிக்கடியில் கிடக்கும் கள்ளப்பணத்தைச் சாட்டிலைட் பார்த்துக்கொண்டிருக்கிறது. கஷ்டத்தை நியாயப்படுத்தும் வதந்தி. கணக்கு நேராகிவிடுகிறது. செல்லாமற்போன நோட்டுகளில் 99.3 சதவிகிதம் வங்கிகளுக்கே திரும்பி வந்துவிட்டதாக 2018இல் கணக்கு வெளியானபோது வரிசை எப்போதோ கலைந்துவிட்டிருந்தது.

ஆனால் அன்று நடந்ததில் ஒரு பகுதி ஃபெஸ்டிங்கருக்கு அகப்படாது. ஒரு பெரியவர், ஓய்வு பெற்றவர் போலிருந்தது, நான் கொடுத்த நோட்டை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இதுல சிப்பு வெச்சிருக்காங்களாமே, மெய்தானா?" என்று கேட்டார். பின்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியும், சொல்ல வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தேன். வாத்ஸ்யாயனர் இலக்கணத்தின் முதல் பாதி என்னிடம் இருந்தது. காலையிலிருந்து எல்லாரும் திட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த ஒரு கதை வந்த பிறகு கொஞ்சம் அமைதியாக நின்றார்கள். நான் சிரித்தேன்.

பெரியவர் திரும்பி வரிசையைப் பார்த்துச் சொன்னார்: "பாத்தீங்களா, சிரிக்கிறாரு. அவங்க வெளியில சொல்லக் கூடாது."

அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.